உயர்நிலைப் பிள்ளைகளுக்கு மாலை நேர நிகழ்ச்சி: நாங்கள் தொடங்கிய கதை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் செவ்வாய், வியாழன் மாலை 4 முதல் 6.30 வரை உயர்நிலை 1, 2 பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நிகழ்ச்சி நடத்துகிறோம். எப்படித் தொடங்கினீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் 12 பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதி, பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்களுக்கு நான் எதற்கு? பள்ளிக்குள்ளேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, துணைப்பாடத்துக்கு 1991இல் தொடங்கிய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கிறது. உயர்நிலைக்குப் போனதும்தான் கையில் வீட்டுச் சாவி, அப்பா அம்மா ஷிஃப்ட் வேலை, இணைப்பாட நடவடிக்கை (பள்ளி முடிந்து நடக்கும் விளையாட்டு, கலை போன்றவை) இல்லாத நாளில் கடைத்தொகுதியில் சுற்றல்.

அப்புறம் உயர்நிலைப் பள்ளி ஆலோசகர் ஒருவரைப் பார்த்து, எந்த நாளில் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். செவ்வாயும் வியாழனும் என்றார். பெயர்ப் பட்டியல் தர முடியாது என்றும் சொன்னார், அது நியாயம்தான். பெற்றோருக்கு ஒப்புதல் படிவத்தைப் பள்ளியே அனுப்பியது. அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் அறையை, அங்கே குடியிருப்பவர்களின் வசிப்போர் குழு கொடுத்தது, 7 மணிக்கு முதியவர்களின் கரோக்கே, அதற்குள் கூட்டிப் பெருக்கிச் சாவியைத் தந்துவிட வேண்டும்.

முதல் நாள் மூன்றே பேர். அதில் ஒரு பையன் ஒரு மாதம் முழுக்க மைலோ குடித்துவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கினான். எழுப்பவில்லை. இரவெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவன்தான் என்று பிறகு அவன் அம்மா சொன்னார். இன்று 14 பேர் வருகிறார்கள், அவனும் வருகிறான்.

தொண்டூழியர்கள் பெரும்பாலும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், தேர்வு வந்தால் அவர்களால் வர முடியாது. ஓய்வுபெற்ற இருவரைச் சேர்த்த பிறகுதான் ஒரு வாரம்கூட நிற்காமல் நடக்கிறது.

பதில்: அண்ணா, ஜூரோங்கில் நாங்களும் இப்படித்தான் தொடங்கினோம், எல்லாம் ஒரே ஆசிரியரின் வாய்ப்பேச்சில். அவர் வேறு பள்ளிக்கு மாறியதும் நிகழ்ச்சி நின்றுபோனது, பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. இப்போது மறுபடி தொடங்குகிறோம், பள்ளியில் இரண்டு பேரின் தொடர்பு, நாள், நேரம் எல்லாம் எழுத்தில் வாங்கியாயிற்று. உங்கள் ஒப்புதல் படிவத்தின் மாதிரி கிடைக்குமா?