புழுதியில் நின்றுபோன வண்டி: கள ரோபோ வேலையில் நான் பார்த்தவை

தானியங்கிக் கள ரோபோக்களில் ஆராய்ச்சியாளராக எனக்கு இது பதினோராவது வருடம். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இது எப்படி இருக்கும் என்று அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு பாதாம் தோப்பு. செப்டம்பர் மாதம், அறுவடை மும்முரம். மரத்தை இயந்திரம் பிடித்து உலுக்கும். கொட்டைகள் தரையில் விழுந்து ஒரு வாரம், பத்து நாள் காயும். அப்புறம் பெருக்கி, வரிசையாகக் குவித்து அள்ளுவார்கள். பெருக்கும்போது கிளம்பும் புழுதியில் பக்கத்து வரிசை மரம்கூடத் தெரியாது.

எங்கள் வண்டி இரண்டு மரவரிசைக்கு நடுவே தானாகப் போக வேண்டும். ஆய்வுக்கூட வளாகத்தில் மூன்று மாதம் பிசகில்லாமல் ஓடியது. தோப்பில் நாற்பது அடி போனதும் நின்றுவிட்டது. லேசர் கதிரை வீசித் தூரம் அளக்கும் லைடார் கருவியின் கதிர் புழுதியில் பட்டுத் திரும்ப, எதிரே சுவர் இருப்பதாக வண்டி முடிவு செய்துவிட்டது. சரி, ஜிபிஎஸ்ஸை நம்பலாம் என்றால், அடர்ந்த இலைகளுக்கு அடியில் சிக்னல் தடுமாறியது. திரையில் பார்த்தால் வண்டி இரண்டு மீட்டர் தள்ளி, ஒரு மரத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

இப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மதியம், பெருக்கும் இயந்திரத்தை ஓட்டும் மெக்சிகோக்காரப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். இந்தப் புழுதியில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். எதிரே பார்ப்பதே இல்லையாம். பக்கத்தில் வரும் மரத்தின் தூரை மட்டும் பார்த்துக்கொண்டே போவாராம். சொல்லிவிட்டு, புழுதி படிந்த கையால் ஒரு தூரைத் தட்டிக் காட்டினார்.

சிட்னி விக்டோரியா பூங்காவில் லேசர் பொருத்திய வண்டியை ஓட்டி, அடிமரங்களையே அடையாளமாக வைத்து வரைபடம் போட்ட தரவு ஒன்று உண்டு. மாணவனாக நான் எத்தனையோ இரவு அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் தோப்பில் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவர் சொன்ன பிறகுதான் வந்தது. அன்று இரவே நிரலை மாற்றினோம். ஒரு கதிருக்குப் பல எதிரொலி வந்தால், புழுதியைத் தாண்டிப் போய்த் திரும்பும் கடைசி எதிரொலியை எடுத்துக்கொள்வது, இருபக்கத் தூர்களைப் பின்பற்றுவது, புழுதி வந்தால் நடைவேகத்துக்கு இறங்குவது. பம்பரில் எது தொட்டாலும் வண்டி நின்றுவிடும். புழுதிக்குள் ஆள் இருக்கலாம் என்ற பயம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

மறுநாள் முழு வரிசையும் ஓடியது. இடையில் 17 தடவை நாங்கள் கை வைக்க வேண்டியிருந்தது. அந்த 17-ஐக் கட்டுரையில் எழுதினேன். எல்லோரும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். அந்த 17-ஐ எழுதியதற்கு நன்றி. 2004 மார்ச்சில் மொஹாவி பாலைவனத்தில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய, ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கான போட்டியில் 142 மைல் ஓட வேண்டும். அதிகதூரம் போன கார்னெகி மெலன் பல்கலைக்கழக வண்டியே 7 மைல் சொச்சத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்த வருடம் அக்டோபரில் ஐந்து வண்டிகள் முழுத்தூரமும் போய்ச் சேர்ந்தன, ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி முதலிடம். முதல் வருடம் எங்கே மாட்டியது என்று ஒளிக்காமல் பார்த்ததால்தான் இது முடிந்தது என்று நம்புகிறேன்.

நான் நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற எல்லோரும் ஓடுகிற வீடியோதான் காட்டுவார்கள். ஒரு பெண் மட்டும், தன் ரோபோ சேற்றில் புதைந்த ஆறு நிமிடப் பதிவைப் போட்டு, எந்த நொடியில் சக்கரம் வழுக்கியது, அதை ஏன் மென்பொருள் கவனிக்கவில்லை என்று வரி வரியாக விளக்கினாள். அவளைத்தான் எடுத்தோம்.

* * *

அண்ணா, நான் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறேன், சுரங்க லாரிகள் பக்கம். பில்பரா சுரங்கப் பகுதியில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் லாரிகளை 1,500 கிலோமீட்டர் தள்ளி இங்கிருந்து கவனிக்கிறார்கள். அங்கேயும் செம்மண் புழுதிதான். நீங்கள் ரேடார் போட்டுப் பார்த்தீர்களா?

* * *

பார்த்தோம் தம்பி. புழுதியைத் தாண்டிப் பார்க்கிறது, ஆனால் தூரின் விளிம்பு தெளிவாக விழவில்லை. பிப்ரவரியில் பூக்கும் சமயத்தில் லைடாரையும் ரேடாரையும் சேர்த்துப் பொருத்தி அதே தோப்புக்குப் போகிறோம். பெரியவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.