பர்ன்டவுன் கோடு கடைசி இரண்டு நாள் வரை படுத்தே கிடக்கிறது, டூலை மாற்றலாமா?

நள்ளிரவு_பில்ட்:
எங்கள் டீமில் ஏழு பேர், டெஸ்டிங்குக்கு ஒரே ஒருவர். இரண்டு வார ஸ்பிரின்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று வேலை. தினமும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில், வேலைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஜிரா போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளாளுக்கு "நேற்று இது, இன்று அது, பிளாக்கர் இல்லை" என்று ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் மிச்ச வேலையைக் காட்டும் பர்ன்டவுன் சார்ட்டில் கோடு கடைசி வரை இறங்குவதே இல்லை, அப்புறம் திடீரென்று செங்குத்தாக விழுகிறது, மிச்ச டிக்கெட் (ஒவ்வொரு வேலைக்குமான சீட்டு) எல்லாம் அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தாவுகிறது. மேனேஜர் தேதிவாரியாகப் பட்டை வரையும் கான்ட் சார்ட்டும் வேண்டும் என்கிறார், இன்னொரு பக்கம் ட்ரெல்லோ என்ற இன்னொரு டூலுக்கு மாறலாம் என்று பேச்சு. மாறினால் சரியாகுமா?

க்யூஏ_அக்கா:
ஆகாது. 2017இல் ட்ரெல்லோவை வாங்கியதும் அதே ஜிரா கம்பெனிதான், அது கிடக்கட்டும். டிக்கெட் 'டன்' (முடிந்தது) கட்டத்துக்கு வந்தால்தான் பர்ன்டவுன் இறங்கும், நடுவில் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. உங்கள் டெஸ்டிங் கட்டத்தில் இப்போது எத்தனை கிடக்கிறது, எண்ணிப் பாருங்கள். டெவலப்பர்கள் முடித்து முடித்து அங்கே தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள், ஒற்றை ஆள் என்ன செய்வார்? அந்தக் கட்டத்தை 'டெஸ்டுக்குக் காத்திருப்பவை', 'டெஸ்டில் இருப்பவை' என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மேல் கூடாது என்று வையுங்கள். வரம்பு மீறினால் ஜிரா அந்தக் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டும், தடுக்காது, தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

பழைய_சர்வர்:
அக்கா சொன்னதோடு, ஜிரா ரிப்போர்ட்டில் க்யூமுலேட்டிவ் ஃப்ளோ டயக்ராம் என்று ஒன்று இருக்கும், அதைத் திறங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணப் பட்டை. டெஸ்டிங் பட்டை நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனால் அடைப்பு அங்கேதான். கணக்கும் எளிது: 12 டிக்கெட் நிற்கிறது, ஒரு நாளில் 2 முடிகிறது என்றால் புதிதாகப் போய்ச் சேருவது சராசரியாக ஆறு நாள் காத்திருக்கும். ஸ்டாண்ட்-அப்பில் ஆள் ஆளாகக் கேட்காமல் போர்டின் வலது ஓரத்திலிருந்து டிக்கெட் டிக்கெட்டாக வாருங்கள், முடியப்போவதை முதலில் முடிக்கலாம்.

2004இல் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு மெயின்டெனன்ஸ் டீமில் கன்பான் என்ற வேலை முறையைப் பரப்பிய டேவிட் ஆண்டர்சன் வழிகாட்டலில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், வேலை செய்தவர்கள் நம் ஹைதராபாத்தில் இருந்தார்கள். வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எஸ்டிமேட் போடுவதற்கே நேரத்தில் கணிசமான பங்கு போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்தி, கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள். மாதக்கணக்கில் இழுத்த வேலை வாரக்கணக்குக்கு வந்தது.

கடலோர_கோடர்:
கான்ட் சார்ட்டை ஒரேயடியாகத் திட்ட வேண்டாம். வேறு டீமின் ஏபிஐ (அவர்கள் மென்பொருளோடு நம்முடையது பேசும் வழி) வந்தால்தான் நம் வேலை என்கிற மாதிரி தேதிகள் பின்னிக் கிடந்தால் அது தேவை. ஆனால் டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் பட்டை வரைந்தால் தினமும் அதைத் திருத்தவே ஒரு ஆள் வேண்டும். ரிலீஸ் அளவில் ஒன்று போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள்.

நள்ளிரவு_பில்ட்:
இப்போதுதான் எண்ணினேன், டெஸ்டிங்கில் 11 நிற்கிறது! சரி, வரம்பு நிறைந்ததும் டெவலப்பர் சும்மா உட்காருவதா? "டெஸ்டிங் என் வேலை இல்லை" என்பார்களே.

க்யூஏ_அக்கா:
தான் எழுதியதைத் தானே டெஸ்ட் செய்ய வேண்டாம், அடுத்தவர் டிக்கெட்டை எடுக்கட்டும். டெஸ்ட் டேட்டா தயார் செய்வது, பழையது கெட்டுவிடவில்லையா என்று பார்க்கும் ரிக்ரஷன் டெஸ்டை ஆட்டோமேட் செய்வது என்று வேலை கொட்டிக் கிடக்கிறது. அந்த ஒற்றை ஆளையே கேளுங்கள், பட்டியல் ஏற்கெனவே வைத்திருப்பார்.