மறு: ‘கம்ப்ளீட் செக்லிஸ்ட்’: ‘முழுப் பட்டியல்’ வேண்டாமே

> ‘முழுப் பட்டியல்’ என்றே வைத்துவிடலாம். எளிமையான சொல், எல்லாருக்கும் புரியும்.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. கோடையில் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது கொடுக்கிற படிவத்துக்குத்தான் ‘கம்ப்ளீட் செக்லிஸ்ட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல்லே தேவைப்பட்டது. ‘முழு’ என்று பார்த்ததும் அங்கே இருக்கிற பறவை அத்தனையும் வந்தாக வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். பார்த்த பறவைகளின் பட்டியலை நாம் ஏற்றுகிற இபேர்டு தளம் ‘கம்ப்ளீட் செக்லிஸ்ட்’ என்று கேட்பது அதுவல்ல. பார்த்தும் கேட்டும் உங்களால் அடையாளம் காண முடிந்ததில் எதையாவது வேண்டுமென்றே விட்டீர்களா என்பதுதான் கேள்வி. பெயர் தெரியாத குருவி ஒன்று பறந்து போனால் பட்டியல் கெடாது. எத்தனை என்று எண்ண முடியாவிட்டால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். காக்காயையும் மைனாவையும் ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று விட்டால்தான் கெடும்.

கோடையில் இது இன்னும் முக்கியம். மழைக்காலம் தொடங்கி, சரணாலயத்தின் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கூடு கட்டியிருக்கும்போது யார் போனாலும் எழுதுவார்கள். (ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாததும் அந்தப் பறவைகளுக்காகத்தான்.) தண்ணீர் வற்றியபின் போகிறவர்கள் குறைவு. போனாலும் ‘ஒண்ணுமில்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த ‘ஒண்ணுமில்லை’யில் குயில், செம்போத்து, தவிட்டுக்குருவி, கரிச்சான் எல்லாம் உண்டு. வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, நம் தலை தெரிந்ததும் கத்தித் தீர்க்கிற ஆள்காட்டியும் உண்டு. விடாமல் எழுதிய பட்டியல் என்றால், அதில் நாரை இல்லாததும் ஒரு தகவல். பிடித்ததை மட்டும் எழுதியிருந்தால், நாரை வரவில்லையா, எழுதவில்லையா? பின்னால் ஆராய்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் என் பரிந்துரை ‘சிட்டை’. எங்கள் பக்கம் கணக்கு எழுதியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அன்றன்றைய வரவும் செலவும் நடந்த வரிசைப்படி, காலணா விடாமல் சிட்டையில் ஏறும். பேர்வாரியாகப் பிரித்துப் பேரேட்டுக்குக் கொண்டுபோவது அதற்கப்புறம். சிட்டையில் விட்டால் கடைசியில் கணக்கை நேர் செய்யும் ஐந்தொகையில் இடிக்கும். விடக்கூடாது என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘முழு’ என்ற ஒட்டே தேவையில்லை. கரையோடு நடந்து பார்த்தால் நடைச்சிட்டை, ஓரிடத்தில் நின்று பார்த்தால் நிலைச்சிட்டை.

– காரைக்குடியிலிருந்து

---

> என் பரிந்துரை ‘சிட்டை’.

அண்ணே, அழகாத்தான் இருக்கு. ஆனால் இருபது வயசுப் பிள்ளைக்குச் சிட்டை தெரியாது, பட்டா சிட்டாதான் தெரியும். பறவை பார்க்கப் போன இடத்தில் நிலத் தகராறா என்று கேட்பார்கள். கோயம்புத்தூர்க்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் உங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளையை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் பறவை பறந்துவிடும். ‘விடுபடாப் பட்டியல்’ என்றால் என்ன குறை?

அப்புறம், ‘சரிபார்ப்புப் பட்டியல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஏற்கெனவே அச்சடித்த பெயர்களுக்கு நேரே டிக் அடிப்பது. நமக்கு ஆகாது.

– மதுரையிலிருந்து

---

> ‘விடுபடாப் பட்டியல்’ என்றால் என்ன குறை?

‘விடுபடா’ என்பது தானாக விட்டுப்போகாததைச் சொல்கிறது தம்பி. புதருக்குள் இருந்த கதிர்க்குருவி உங்கள் கண்ணில் படாமல் விடுபடத்தான் செய்யும், அதில் தப்பே இல்லை. நாம் கேட்பது ‘விட்டீர்களா’ என்று. ‘விடாப்பட்டியல்’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் விடாக்கண்டன் மாதிரி ஒலிக்கிறது.

சிட்டா விஷயம் நியாயம்தான். ஆனாலும் சிட்டை செட்டிநாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, கடைத்தெருக் கணக்கில் பல ஊர்களில் புழங்கிய சொல். தெரியாத பிள்ளைக்கு அது புதுச்சொல், அவ்வளவுதான். ‘முழு’வைப் போல ஏற்கெனவே ஒரு தப்பான அர்த்தத்தோடு மண்டையில் உட்கார்ந்திருக்காது.

தனி மடலில் ஒரு அக்கா ‘நாட்சிட்டை’ என்று கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. ஒரே நாளில் கண்மாய்க்கு ஒன்றாக மூன்று பட்டியல் போடலாம், அப்படிப் பிரித்துப் போடுவதுதான் நல்லதும்கூட. நாளோடு கட்டினால் காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாவற்றையும் ஒன்றாக்கி அனுப்பிவிடுவார்கள்.

நிலைச்சிட்டைக்கு ஒரு வரையறை சேர்க்கிறேன்: முப்பது மீட்டருக்குள் நின்று பார்த்தது. அதைத் தாண்டினால் நடைச்சிட்டை, நடந்த தூரத்தையும் எழுத வேண்டும். பேருந்துக்குக் காத்திருந்தபோது பனங்காடை கண்ணில் பட்டது போன்றவை சிட்டையே ஆகாது. ‘தற்செயல் குறிப்பு’ என்று தனியாக இருக்கட்டும். பட்டாம்பூச்சி, தட்டான் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுகிறவர்கள் இதற்குள் வரவில்லை. அங்கே ஒரு உயிருக்கு ஒரு பதிவு, சிட்டைக்கு வேலை இல்லை.

படிவத்தில் தலைப்பு மட்டும் ‘சிட்டை’ என்று போடுகிறேன். கீழே கட்டத்துக்கு எதிரில் கலைச்சொல்லே இல்லாமல் ஒரு வாக்கியம்: ‘அடையாளம் தெரிந்த பறவை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்: ஆம் / இல்லை’. இதற்கு மறுப்பு இருந்தால் அச்சுக்குக் கொடுப்பதற்குள் சொல்லுங்கள்.

– காரைக்குடியிலிருந்து