ஃபோர்னாக்ஸில் என்.ஜி.சி. 1365 பிடிபடவில்லை – சேதுக்கரையிலிருந்து எப்படித் தேடுவது?

கடலோரம்_8இஞ்ச்:
ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவில் உள்ள என்.ஜி.சி. 1365 என்ற கேலக்ஸியைத் தேடுகிறேன். 8 இஞ்ச் டாப்சோனியன் (கையால் நகர்த்தும் தொலைநோக்கி), குவியத்தூரம் 1200 மி.மீ., 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகு லென்ஸ்). அந்தக் குழுவின் பிரகாசமான நட்சத்திரம் ஆல்ஃபா ஃபோர்னாசிஸ் கிடைக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கினால் வழிகாட்ட ஒரு நட்சத்திரமும் இல்லை. தை மாதத்தில் எத்தனை மணிக்கு, எதைப் பிடித்துப் போவது?

தெற்குவானம்:
ஆல்ஃபாவை விட்டுவிடுங்க சார். அகாமர் என்ற இரட்டை நட்சத்திரத்தில் தொடங்குங்க. உங்கள் 25 மி.மீ. ஐபீஸ் தரும் 48 மடங்கிலேயே (1200 ÷ 25) அது இரண்டாகப் பிரியும்; பிரியவில்லை என்றால் நீங்கள் பிடித்தது வேறு நட்சத்திரம். அங்கிருந்து வடகிழக்கே ஏழரை டிகிரி, அதாவது நீட்டிய கையில் முக்கால் முஷ்டி. அங்கே கை (χ, கிரேக்க எழுத்து) 1, 2, 3 என்று மூன்று மங்கல் நட்சத்திரங்கள் சின்ன முக்கோணமாக நிற்கும். ஃபைண்டரில் (குழாயின் மேலுள்ள சின்னத் தேடுநோக்கியில்) படம் தலைகீழ் என்பதால்தான் பலரும் எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். குழாயை அசைக்காமல் விடுங்க; நட்சத்திரம் நழுவும் பக்கம் மேற்கு.

மூன்றில் பிரகாசமான கை (χ) 2 நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவில் வைத்துவிட்டு, கையை எடுத்துவிடுங்க. ஆறாவது நிமிஷம் 1365 தானாக வந்து சேரும், தெற்கு விளிம்பையொட்டி. 11-வது நிமிஷம் என்.ஜி.சி. 1399, 1404 என்ற இரண்டு கேலக்ஸிகள் ஜோடியாக, நடுவுக்குச் சற்று வடக்கே. பூமி சுற்றுவதே உங்களுக்கு மோட்டார்.

1365-ல் முதலில் தெரிவது கருவும் அதன் குறுக்கே மங்கலான பட்டையும்தான். 10 மி.மீ. ஐபீஸ் போட்டுக் கடைக்கண்ணால் பாருங்க. சுருள் கைகளை 8 இஞ்சில் எதிர்பார்க்க வேண்டாம். ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கேலக்ஸிக் கூட்டம் அது.

மன்னார்_இரவு:
நேரம்: ஜனவரி நடுவில் இரவு 8 மணிக்கு 1365 நேர் தெற்கே, 45 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்லியில் 25 டிகிரிதான் ஏறும். நமக்குக் கிடைத்த வரம் இது. கடலோர மூட்டம் அடிவானத்தோடு நின்றுவிடும், இந்த உயரத்தைக் கெடுக்காது. நவம்பரில் நள்ளிரவில் உச்சிக்கு வந்தாலும் வடகிழக்குப் பருவமழை விடாது. சேதுக்கரை, வாலிநோக்கம் பக்கம் தெற்கே கடல்தான், விளக்கு கிடையாது. தேவிபட்டினம், தொண்டியில் தெற்கே ஊர் வெளிச்சம் குறுக்கிடும். தை அமாவாசை அன்று மட்டும் சேதுக்கரை வேண்டாம், தீர்த்தமாட வரும் கூட்டமும் வண்டி விளக்கும் கண்ணைக் கூச வைக்கும். இரண்டு நாள் தள்ளிப் போங்க.

கடலோரம்_8இஞ்ச்:
ஆறு நிமிஷம் சும்மா விட்டால் காற்றில் குழாய் நகர்ந்துவிடாதா?

தெற்குவானம்:
நகரும். வாடைக்காற்று நிலத்திலிருந்து முதுகுப்பக்கம் அடிக்கும், வேனை வடக்கே மறைப்பாக நிறுத்துங்க. அடித்தட்டை மணலில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்க. மணல் அடித்தட்டு வழுக்கிச் சுழல வைத்திருக்கும் டெஃப்லான் துண்டுகளுக்குள் போனால் அப்புறம் குழாய் விட்டு விட்டுத்தான் நகரும்.

மன்னார்_இரவு:
இன்னொன்று, உப்பு. தொலைநோக்கியின் கண்ணாடியில் உப்புப் பனி படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது, பூச்சு கீறிப் போகும். வீட்டுக்கு வந்ததும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலசி, சாய்த்து வைத்துத் தானாகக் காயவிடுங்க. காயும் முன் மூடி போட வேண்டாம்.