தந்தை செல்வா எங்களுக்கு எதைப் பெற்றுத் தந்தார்?

முற்றவெளியான்:
நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போகும் வழியில், தந்தை செல்வா (தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) தூபியடியில் இரண்டு பெரியவர்கள் கைகலக்காத குறை. "கட்சி தொடங்கினதிலிருந்து சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார், எதைப் பெற்றுத் தந்தார்?" என்றார் ஒருவர். "ஜீ.ஜீ. பொன்னம்பலம் மாதிரி மந்திரிப் பதவிக்குப் போகாமல் இருந்தாரே, அது போதாதா?" என்றார் மற்றவர். ஜீ.ஜீ. தமிழ்க் காங்கிரஸ் தலைவர், செல்வா முதலில் இருந்ததும் அந்தக் கட்சியில்தான். நான் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். முதலாமவரின் கேள்விதான் எனக்கும். 1957 இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம், அடுத்த ஆண்டே கிழிந்தது. 1965 இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு ஒப்பந்தம், மாவட்ட சபை வருகிறது வருகிறது என்று 1968 வரை இழுத்துக் கைவிடப்பட்டது. 1972 இல் புதிய அரசியல் யாப்பு, சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பும் போனது. 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். கேட்பது ஒவ்வொரு முறையும் கூடியது, கையில் வந்தது ஒன்றுமில்லை. இப்படி வழக்கு நடத்தும் சட்டத்தரணியை நாங்கள் மாற்றமாட்டோமா?

சீமெந்துக்காரர் மகன்:
சரியாகச் சொன்னீர்கள். காங்கேசன்துறை சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை எல்லாம் ஜீ.ஜீ. கைத்தொழில் மந்திரியாக இருந்து கொண்டுவந்தவை. என் அப்பா சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். 1990 இல் சண்டையோடு மூடும்வரை எங்கள் வீட்டு நேரம் அந்தச் சங்குச் சத்தத்தில்தான் ஓடியது. நாங்கள் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

இன்னொரு பகிடி. ஆலை இருந்தது செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியில். 1952 தேர்தலில் அதே காங்கேசன்துறைச் சனம் அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) வேட்பாளர் நடேசனை அனுப்பியது. சனம் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தெல்லிப்பழையான்:
1952 தீர்ப்பு என்றால் 1956 என்ன? அதே தொகுதியில் அவர் வென்றார், தமிழரசுக் கட்சிக்குப் பத்து ஆசனம் கிடைத்தது. அதற்குப் பிறகு காங்கேசன்துறையில் அவரை அசைக்க ஆளில்லை. 1972 இல் யாப்பை எதிர்த்துப் பதவியைத் துறந்து, "முடிந்தால் இடைத்தேர்தல் வையுங்கள், சனத்தைக் கேட்போம்" என்று நின்றார். அரசு 1975 பெப்ரவரி வரை தேர்தலை வைக்கவில்லை. வைத்தபோதும் அவர்தான் வென்றார். நடக்கவே கஷ்டப்பட்ட நேரம் அது, பார்க்கின்சன் நோய். காதும் மந்தம்.

நடேசன் சேர் பொன். இராமநாதனின் மருமகன், சைவர். செல்வநாயகம் கிறிஸ்தவர். 1952 இல் மேடைகளில் அது எப்படி விற்பனையானது என்று எங்கள் ஊர்க் கிழவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி ஆலைக் கதை. 1948 இல் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டத்துக்குக் கை உயர்த்திவிட்டுப் பெற்ற பதவி அது.

சீமெந்துக்காரர் மகன்:
நில்லுங்கள் அண்ணை. இந்தப் பொய் எழுபது வருடமாக ஓடுகிறது. 1948 சட்டத்துக்கு ஜீ.ஜீ. எதிராகத்தான் வாக்களித்தார். அரசில் சேர்ந்தது அதன் பிறகு.

தெல்லிப்பழையான்:
உண்மை, நான் பிழையாக எழுதிவிட்டேன். ஆனால் நீங்களும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்து 1949 இல் வந்தது இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். யாருக்குப் பிரஜாவுரிமை, எத்தனை வருட வதிவுக்கு அத்தாட்சி என்று முள்வேலி போட்டது அதுதான். அதற்கு அவர் மந்திரியாக இருந்து ஆதரவு கொடுத்தார்.

தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது இந்த இடத்தில்தான். செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் வெளியே வந்தார்கள். 1949 டிசம்பர் 18 இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. செல்வநாயகம் கொழும்பில் சிவில் வழக்குகளில் கொடிகட்டிப் பறந்த மனிதர், ராணி அப்புக்காத்து என்ற உயர் பட்டம் பெற்ற சட்டத்தரணி. மேடையில் அவர் பேசினால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது, ஜீ.ஜீ. பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் பதவி கிடைக்கக்கூடிய பக்கத்தை விட்டு வெளியே வந்தார். யாருக்காக? தனக்கு ஒரு வாக்குக்கூடப் போட முடியாத சனத்துக்காக.

மலைக்காற்று:
அண்ணைமாருக்கு வணக்கம். அந்தச் சனத்தில் ஒருத்தி இங்கே இருக்கிறேன். தாத்தா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு நுவரெலியாப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தது. நான் இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறேன்.

வெளியே வந்தார், அது பெரிய காரியம், மறுக்கமாட்டேன். அதற்குப் பிறகு? 1957 ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ, காணி, குடியேற்றம் எல்லாம் விரிவாக இருக்கிறது. பிரஜாவுரிமைக்கு வரும்போது பிரதமர் விரைவில் கவனிப்பார் என்பதோடு கதை முடிகிறது. எங்களுக்காகத் தொடங்கிய கட்சி எங்களை ஒரு வாக்குறுதியில் விட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தது.

1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. சந்தையில் கத்தரிக்காய் பிரிக்கிற மாதிரி. அடுத்த வருடமே தமிழரசுக் கட்சி டட்லி அரசில் சேர்ந்தது, கட்சியின் சார்பில் திருச்செல்வம் மந்திரி. ஜீ.ஜீ. செய்தால் துரோகம், இவர்கள் செய்தால் இராசதந்திரமா? 1976 தீர்மானத்தை மலையகத் தலைவர் தொண்டமான் ஏற்கவில்லை. எப்படி ஏற்பார்? அந்த வரைபடத்தில் நாங்கள் இல்லை.

தெல்லிப்பழையான்:
தங்கச்சி, 1965 பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. திருச்செல்வம் போனார், செல்வநாயகம் போகவில்லை, திருகோணமலைக் கோணேசர் கோயில் பிரச்சினையோடு 1968 இல் அவரும் வெளியே வந்தார் என்று வேறுபாடு காட்டலாம். அது முழுப் பதில் ஆகாது என்று எனக்கே தெரியும்.

முற்றவெளியான்:
நான் தொடங்கிய கதை எங்கேயோ போய்விட்டது, நல்லதுதான். ஆனால் 1957 ஒப்பந்தம் கிழிந்ததில் எங்கள் பக்கப் பிழையும் இல்லையா? பஸ்களின் இலக்கத் தகட்டில் இருந்த சிங்கள ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசியது தமிழரசுக் கட்சிதானே? எதிராளிக்கு அதுவே காரணமாகவில்லையா?

தெல்லிப்பழையான்:
தேதியைப் பாருங்கள் ஐயா. ஒப்பந்தம் 1957 யூலை 26. ஐ.தே.க.வின் ஜே.ஆர். ஜயவர்த்தன அதை எதிர்த்துக் கண்டிக்கு நடக்கத் தொடங்கியது அதே வருடம் ஒக்டோபரில். தார் பூசியது 1958 இல். பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டது ஏப்ரல் 9. தார் வாளி தூக்கியது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் மீதான கொலைமுயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

முற்றவெளியான்:
சரி, அதை எடுத்துக்கொள்கிறேன். 1961 பற்றியும் ஒன்று. எங்கள் அம்மம்மா கச்சேரி (அரச அலுவலகம்) வாசலில் தமிழரசுக் கட்சி நடத்திய சத்தியாக்கிரகத்தில் இருந்தவ. பெப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் இராணுவம் வரும்வரை கச்சேரிக்குள் வேலை நடக்கவில்லை. கடைசி நாட்களில் தமிழரசு முத்திரை அச்சடித்துத் தபால் சேவையும் நடத்தினார்கள். அம்மம்மாவுக்கு அரசியல் தெரியாது. ஆனால் பொம்பிளைகள் இரவிலும் வீட்டுக்குப் போகாமல் தெருவில் இருந்தது அதுதான் முதல்தரம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வடக்கு வீதி:
தெருவில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம், கோயிலுக்குள்? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட எங்கள் ஆட்கள் வாசலில் நின்று அடிவாங்கினார்கள். அந்தக் கோயில் செல்வநாயகத்தின் தொகுதி. கொழும்பிடம் சம உரிமை கேட்டவர் தன் தொகுதிக் கோயில் வாசலுக்கு வந்து எங்களோடு நிற்கவில்லை. 1957 இல் சாதித் தடையைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்ததே என்று யாரும் சொல்ல வேண்டாம். சட்டம் கதவைத் திறக்கவில்லை.

சீமெந்துக்காரர் மகன்:
இதற்கு ஜீ.ஜீ. பக்கத்திலும் என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், தூபியடிப் பெரியவர்களுக்கும் யாராவது சொல்லுங்கள். 1976 இல் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக, செல்வநாயகத்தின் தோழர் அமிர்தலிங்கம் ஆட்களை மூன்று நீதிபதிகள் முன் நிறுத்திய ட்ரயல் அட் பார் வழக்கில் ஜீ.ஜீ.யும் செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் ஆஜரானார்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் ஜீ.ஜீ. காலமானார், ஏப்ரலில் செல்வநாயகம். அவர்களே முடித்துக்கொண்ட சண்டையை நாங்கள் ஏன் இழுக்கிறோம்? மலையகம், தோட்டம் எல்லாம் பழைய கதை, இப்போது எல்லாரும் ஒன்றுதானே.

மலைக்காற்று:
அண்ணை, நான் அறை தேடிப்போன வீட்டில் அம்மா நல்லவ, தேத்தண்ணி தந்தா. எந்த ஊர் என்று கேட்டா. கிளிநொச்சி என்றேன். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு முந்தி?" என்று கேட்டா. உண்மையைச் சொன்னேன். அறை ஏற்கெனவே ஆருக்கோ சொல்லியாச்சாம்.