பேட்டரி தீர்ந்து 0 கேபி ஆன பேட்டி: ஆடியோவை மீட்க வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். இதழியல் மூன்றாம் ஆண்டு. இறுதி ப்ராஜெக்ட், பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் பற்றிய வானொலி ஆவணம். தமிழ்நாடு-கேரளம் 1970 ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பகுதிக்கு வரவேண்டும். அது வராத வருடங்களில் தென்னையை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று ஒரு பெரியவர் 47 நிமிடம் பேசினார். பாதித் தமிழ், பாதி மலையாளம், அருமையான பேச்சு. அதுதான் போய்விட்டது.

ரெக்கார்டர் ஜூம் எச்1என், 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ். போன சனிக்கிழமை, நிறுத்து பட்டனை அழுத்தும் முன்பே பேட்டரி தீர்ந்தது. கணக்குப்படி சுமார் 812 எம்பி இருக்க வேண்டும், காட்டுவது 0 கேபி.

அதற்கப்புறம் கார்டில் எதுவும் பதியவில்லை. கார்டின் முழு இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து வைத்துவிட்டேன். ஃபைல் மீட்கும் மென்பொருளான போட்டோரெக்கை ஓட்டினால் பழைய, அழித்த ஃபைல்கள்தான் வந்தன. இமேஜை ஆடியோ எடிட்டரான ஆடாசிட்டியில் ரா டேட்டாவாக (ஃபைல் தலைப்பு இல்லாத வெறும் பைட்டுகளாக), பைட் வரிசையை லிட்டில் எண்டியன் என்று வைத்துத் திறந்தேன். ஒரே இரைச்சல், நடுவில் அவர் குரல் தேய்ந்து கேட்கிறது. ஆக, டேட்டா இருக்கிறது! பாலக்காட்டில் ஒரு கடையில் கார்டை ஃபார்மேட் செய்தால் சரியாகும் என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மறுபடி பேட்டி எடுக்க வழியில்லை, பெரியவர் தன் மகள் வீட்டுக்கு பெங்களூரு போய்விட்டார். சமர்ப்பிக்க 12 நாள்தான் இருக்கிறது.

இரைச்சல் இல்லாமல் குரல் வர, ரா இம்போர்ட்டில் தொடக்க ஆஃப்செட்டை (ஆடியோ எந்த பைட்டில் தொடங்குகிறது என்பதை) எப்படிக் கண்டுபிடிப்பது?