மறு: பங்கர் பராமரிப்பு: பதுங்குகுழியா, மணற்குழியா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கி வைத்தவன் நான்தான், அதனால் இதுவரை வந்த பதில்களுக்கு ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மைதானப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், அதில் வரும் 'பங்கர்' என்கிற மணல் போட்ட பள்ளத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் முதல் வரைவை ஒரு மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தபோது "தினமும் காலையில் பதுங்குகுழிகளைச் சீவி விடவும்" என்று வந்தது. சிரித்தேன். அப்புறம் யோசித்தால் சிரிக்க முடியவில்லை, நம்மில் எத்தனையோ பேருக்கு அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய குழியின் பெயர். அந்தச் சொல் இங்கே வேண்டவே வேண்டாம்.

> மணற்கிடங்கு என்றால் என்ன? பங்கர் என்பதற்கு ஆங்கிலத்தில் சேமிப்பிடம் என்றும் பொருள் உண்டே.

ஐயா, இது எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. பங்கர் என்பதே ஸ்காட்லாந்து வழக்கில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள், கப்பலில் நிலக்கரி போட்டு வைத்த இடமும் பங்கர்தான். நம் கிடங்கும் அப்படியே இரண்டு வேலை பார்க்கிறது: பழைய பாடல்களில் கோட்டை அகழிக்குப் பெயர், சில வட்டாரப் பேச்சில் இன்றும் வெறும் குழி, மற்றவர்களுக்கு மூட்டை அடுக்கும் இடம். பொருத்தம் அழகுதான். ஆனால் "மணற்கிடங்கைச் சரிபார்க்கவும்" என்று படிக்கிற தொழிலாளி மணல் மூட்டை இருக்கும் கொட்டகைக்குத்தான் போவார், தப்பு அவருடையது இல்லை.

> மணல்தடை எனலாமே, ஆட்டக்காரருக்கு அது தடைதானே.

2019-க்கு முன்பு என்றால் சரி சொல்லியிருப்பேன். அந்த ஆண்டு கோல்ஃப் விதிகளைத் திருத்தி எழுதியபோது பங்கரையும் நீர்நிலையையும் சேர்த்துக் குறித்துவந்த அந்தத் 'தடை' என்கிற சொல்லையே விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மைதானத்தில் ஐந்து பகுதிகள், பங்கர் அதில் தனியாக ஒன்று. அவர்களே கைவிட்டதை நாம் புதிதாகத் தூக்கிச் சுமப்பானேன்.

> மணற்பரப்பு? எல்லாப் பங்கரும் ஆழமாக இருப்பதில்லை.

உண்மைதான். ஆனால் மணல் கிடக்கிற இடமெல்லாம் பங்கர் ஆகிவிடாது. விதி சொல்வது, அதற்கென்றே தயார் செய்த மணலிடம், பெரும்பாலும் புல்லையோ மண்ணையோ எடுத்த பள்ளம். இந்த வேறுபாட்டின் விலை 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப் என்கிற பெரிய கோல்ஃப் போட்டியில் தெரிந்தது. விஸ்லிங் ஸ்ட்ரெயிட்ஸ் மைதானத்தின் கடைசிக் குழி, பார்வையாளர்கள் மிதித்து உருத்தெரியாமல் போன ஒரு மணல் திட்டில் அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனின் பந்து. அதைப் பங்கர் என்று நினைக்காமல், பங்கரில் செய்யக்கூடாதபடி மட்டையைத் தரையில் வைத்துவிட்டார். தண்டனையாக அவர் கணக்கில் இரண்டு அடி (ஸ்ட்ரோக்) கூட்டினார்கள், வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டத்தில் சேர முடியாமல் போனது. அந்த மைதானத்தில் அமைத்த மணலிடம் எல்லாமே பங்கர்தான் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். 'பரப்பு' என்று எழுதினால் இந்தக் குழப்பத்தை நாமே அச்சடித்துக் கொடுப்பதாகும். குழி என்றால் யாரோ வெட்டினார்கள் என்பது சொல்லிலேயே இருக்கிறது. பந்து விழுகிற குழியோடு குழம்பும், நீளம் தாண்டுகிற இடமும் மணற்குழிதானே என்பீர்கள், குழம்பாது, முன்னால் மணல் நிற்கிறது, கோல்ஃப் கையேட்டில் யாரும் நீளம் தாண்டப் போவதில்லை.

ஆக மணற்குழி. இதைவிட எனக்குப் பெரிய தலைவலி உள்ளே இருக்கும் சொற்கள்தான், தொழிலாளி கையில் இருப்பவை அவைதான்.

ரேக், அதாவது நீண்ட காம்பில் பல் வரிசை வைத்த கருவி. இதை வாரி, வாருகோல் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். வாருதல் என்றால் அள்ளிச் சேர்ப்பது, இலை சருகுக்குச் சரி. மணற்குழியில் நடப்பது அதற்கு நேர் எதிர், சேர்ந்துபோனதைப் பரப்பிச் சமமாக்குவது. அதற்கு நம்மிடம் 'நிரவுதல்' சும்மா கிடக்கிறது. ஒரு நாள் காலையில் தொழிலாளி ஒருவரின் அருகில் நின்று பார்த்தேன்: அவர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மணலை மேலே தள்ளுகிறார், தன் காலடித் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு பின்வாங்குகிறார், வெளியே வருமுன் கருவியை மெதுவாகத் தூக்குகிறார், சடக்கென்று தூக்கினால் அந்த இடத்தில் ஒரு வரப்பு நின்றுவிடுமாம். இதை வாருதல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கருவியின் பெயர் ரேக் என்றே இருக்கட்டும், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதே வேலையைச் செய்யும் மூன்று சக்கர வண்டிக்கு நிரவு வண்டி. அது நடுப்பகுதிக்கு மட்டும், விளிம்போரம் கையால்தான்.

அடுத்தது சரிவும் சுவரும். இரண்டையும் 'முகம்' என்று ஒரே சொல்லில் அடைத்த வரைவு என்னுடையதுதான், மன்னிக்கவும். மணல் போர்த்திய சாய்வு மணற்குழியின் பகுதி. புல்லோடு வெட்டியெடுத்த மண் கரணைகளை அடுக்கிக் கட்டிய செங்குத்துச் சுவர், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் மைதானத்துப் பங்கர்களில் பார்க்கிறோமே, அது விதிப்படி மணற்குழியில் சேராது. பராமரிப்பும் வேறு: சுவர் சில ஆண்டுகளில் உதிரும், பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். சரிவுக்கோ ஒரு மழை போதும். மணல் வழிந்து கீழே இறங்கி, மேலே மண் தெரியும். மண்வெட்டியால் திரும்ப மேலேற்றுவதுதான் வேலை, அதுவும் அடிமண் கலக்காமல். களிமண்ணும் வண்டலும் ஒருமுறை கலந்துவிட்டால் தண்ணீர் வடியாது, காய்ந்ததும் தரை கெட்டிப்பட்டுப் போகும். ஆழம் பார்க்க அளவு குறித்த ஒரு கம்பி போதும், தளத்தில் 10 முதல் 15 செ.மீ., சரிவில் 5 முதல் 8. சரிவில் அதற்குமேல் போட்டால் நிற்காது. இந்த மழைச் சேதத்துக்கு 'மணல் அரிப்பு' என்று போட்டிருக்கிறேன், மணற்சரிவு வேண்டாம், சரிவு என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

பந்து மணலில் பாதி புதைந்து சுற்றிலும் வட்டம் விழுந்து நிற்பதை ஆங்கிலத்தில் பொரித்த முட்டை என்கிறார்கள். 'முட்டைப்பொரியல் நிலை' என்று எழுதியவருக்கு என் வணக்கம், ஆனால் அம்மா, முட்டைப்பொரியலில் மஞ்சள் கரு எங்கே தனியாகத் தெரிகிறது? ஆஃப்பாயில்தான் அது. பேச்சில் அப்படியே சொல்லுங்கள், கையேட்டில் 'புதைபந்து' போடுகிறேன். உருண்டை மணியாக இருக்கும் மணலில் இது அதிகம் நடக்கும், முனை உள்ள மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்தை மேலே தாங்கும் என்ற குறிப்பும் அதே பக்கத்தில் வருகிறது.

மணற்குழியின் ஓரத்துக்கு 'உதடு' என்று வந்த பரிந்துரைக்கு ஒரே வரி: கிணற்றுக்கும் பானைக்கும் நாம் விளிம்பு என்றுதான் சொல்கிறோம். புல் உள்ளே படர்ந்து விளிம்பு மழுங்கினால் வெட்டி ஒழுங்கு செய்வதற்கு 'விளிம்பு செதுக்குதல்', வரப்பு செதுக்குகிற மாதிரியே.

மிச்சம் ஒன்றுதான். மணலுக்கும் மண்ணுக்கும் நடுவில் போடுவது, தண்ணீரைக் கீழே விட்டு மண்ணை மேலே வராமல் நிறுத்துவது. அடிவிரிப்பு என்று முதலில் வைத்தேன், துணிக்குப் பொருந்தியது, ரேக்கின் பல்லில் மாட்டிக் கிழிவதும் அதுதான். ஆனால் இப்போது சரளைக்கல்மேல் பிசின் தெளிக்கிறார்கள், நுண்துளைக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள், ஊற்றியதை விரிப்பு என்பது எப்படி? தற்காலிகமாக 'அடித்தடுப்பு' போட்டிருக்கிறேன். தடுப்பு என்றதும் தண்ணீரையும் தடுக்கும் என்று தோன்றுகிறதோ என்று எனக்கே சந்தேகம். வடிகால் பற்றிய அந்த அதிகாரத்தை இன்னும் அனுப்பவில்லை, வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.